ஜூனில் புறப்படாத கப்பல்கள்

'பூசோல்', 'அஸ்த்ரோலாப்' என்ற பிரெஞ்சு அரசரின் இரண்டு கப்பல்களும் 1785 ஜூன் மாதம் ப்ரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன என்கிறது அந்தப் பயணத்துக்காக அடித்த பதக்கம். லாப்பெரூஸ், தெ லாங்ல் என்று இரு தலைவர்களின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் கப்பல்கள் கிளம்பியது ஆகஸ்ட் 1ஆம் தேதி. ஜூன் 29 அன்று லாப்பெரூஸ் ப்ரெஸ்டிலேயே இல்லை. வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயியின் முன் நின்றிருந்தார். அரசர் வரைபடத்தைக் காட்டி அவருக்கு வழி சொல்லும் காட்சியை மோன்சியோ என்ற ஓவியர் 1817இல் தீட்டினார். ஓவியத்தின் பெயரிலேயே அந்தத் தேதியும் இருக்கிறது.

உலோகத்தில் அடித்த தேதி எப்படித் தவறாகும்? காரணம் எளிது. இந்தப் பதக்கங்கள் பயணம் முடிந்த பிறகு பாராட்டிச் செய்தவை அல்ல. பயணத்துக்கு முன்பே அடித்து, பெட்டியில் அடுக்கிக் கப்பலில் ஏற்றியவை. போகிற தீவுகளில் தலைவர்களுக்குக் கொடுக்க வேண்டும், பிரெஞ்சுக்காரர்கள் வந்து போனதற்கு அடையாளமாக விட்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. எனவே அச்சு வெட்டும்போது எந்த மாதத்தை எதிர்பார்த்தார்களோ அந்த மாதம்தான் உலோகத்தில் ஏறியது. ஆங்கிலேயர்களுக்கும் இதுவே நேர்ந்தது. கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்துக்கு அடித்த பதக்கம் 1772 மார்ச் என்கிறது. குக் கிளம்பியது ஜூலையில்.

இந்தப் பதக்கங்கள் அடித்த இடத்தையும், ஏற்றிப்போன துறைமுகத்தையும், அவற்றில் பெயர் உள்ள மனிதரின் ஊரையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பாரிஸ், ப்ரெஸ்ட், அல்பி என்று வழி வகுத்துக்கொண்டேன்.

பாரிசில் முதலில் போனது நாணயச் சாலைக்கு. சேன் ஆற்றின் இடக்கரையில், புதுப்பாலத்துக்குப் பக்கத்தில், கோன்தி கரைத்தெருவில் நீளமாக நிற்கிறது கட்டடம். நிறுவனம் 864ஆம் ஆண்டில் வழுக்கை சார்ல்ஸ் என்ற அரசரின் ஆணையால் தோன்றியது. இப்போதுள்ள மாளிகையை ழாக் தெனி அன்ட்வான் என்ற கட்டடக் கலைஞர் 1775இல் முடித்தார். அதாவது லாப்பெரூஸ் பதக்கம் அடித்தபோது இந்தச் சுவர்களுக்கு வயது பத்து. புழக்கத்துக்கான நாணயங்களை 1973 முதல் போர்தோவுக்கு அருகே பெசாக்கில் அடிக்கிறார்கள். பதக்க வேலை மட்டும் இங்கேயே தொடர்கிறது. அருங்காட்சியகத்தின் கண்ணாடி வழியாகப் பட்டறையில் வேலை நடப்பதைப் பார்க்கலாம்.

எவ்வளவு நேரம் நின்று பார்த்தாலும் அலுக்காத வேலை அது. எஃகுக் கட்டையில் உருவத்தை இடம் வலம் மாற்றி, மேடாக வர வேண்டியதைப் பள்ளமாகச் செதுக்க வேண்டும். மூக்கின் நுனிதான் ஆழமான பள்ளம். எழுத்துகளைத் தலைகீழ் வரிசையில் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பிறகு அந்த அச்சைக் காய்ச்சித் தோய்த்து இறுக வைப்பார்கள். அந்தக் காலத்தில் பதக்கம் அடித்தது பெரிய திருகு அழுத்தியில். இரு புறமும் நீண்ட கைகள், கைகளின் முனையில் கனமான குண்டுகள். ஆட்கள் சேர்ந்து இழுத்துச் சுழற்றினால் திருகு இறங்கி அச்சின் மேல் மோதும். நாணயம் தட்டை என்பதால் ஒரு அடியில் எழும்பிவிடும். பதக்கத்தில் முகம் உயரமாக நிற்பதால் ஒரு அடி போதாது. ஒரு முறை அடித்ததும் உலோகம் இறுகிப்போகும். எடுத்து உலையில் காய்ச்சி இளக்கி, அதே அச்சில் பிசகாமல் பொருத்தி, மறுபடி அடிக்க வேண்டும். அரசரின் கன்னமும் சுருள்முடியும் முழுதாக எழும்பும் வரை இது நடக்கும்.

லாப்பெரூஸ் பதக்கத்தில் பதினாறாம் லூயியின் முகத்தைச் செதுக்கியவர் பெஞ்சமின் துவிவியே. 1774 முதல் நாணயங்களின் தலைமைச் செதுக்காளர். அமெரிக்கர்கள் வாஷிங்டனுக்காகக் கேட்ட போஸ்டன் வெற்றிப் பதக்கத்தையும் செய்தவர் இவரே. புரட்சிக்குப் பின் 1791இல் அந்தப் பதவி அவரிடமிருந்து ஒகுஸ்தென் துப்ரேவுக்குப் போனது. பதக்கத்தில் அவர் எழுப்பிய முகத்துக்கு உரியவரின் தலை 1793 ஜனவரியில் வெட்டுண்டது. அதற்குள் பூசோலும் அஸ்த்ரோலாபும் ஐந்து வருடங்களாகச் சேதி இல்லாமல் போயிருந்தன.

மறுநாள் விவியன் தெரு. தேசிய நூலகத்தின் பழைய ரிஷலியூ வளாகத்தை ஒட்டி, முன்னாள் பங்குச்சந்தைக் கட்டடம் நோக்கிப் போகும் இந்தத் தெருவிலும் சுற்றுப்புறத்திலும் பழங்காசு வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஒரு கடையில் வயதான அம்மையார் ஒருவர் இருந்தார். கடற்பயணப் பதக்கங்களைப் பார்க்க வேண்டும் என்றதும் எதற்கு என்று கேட்கவில்லை. நீல வெல்வெட் தட்டு ஒன்றை எடுத்து வைத்தார். 'யுரானி' கப்பலின் பதக்கங்கள் இரண்டு இருந்தன. இரண்டும் செம்பு, இரண்டிலும் பதினெட்டாம் லூயியின் முகம். உள்ளங்கைக் குழிக்குள் அடங்கும் அளவு; ஆனால் எதிர்பார்த்ததைவிடக் கனம்.

"எது பழையது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார்.

பளபளப்பு குறைந்ததைக் காட்டினேன். அவர் இரண்டையும் வாங்கி, முகத்தைப் பார்க்காமல் விளக்கடியில் விளிம்பைச் சுற்றிக் காட்டினார். ஒன்றின் விளிம்பு வெறுமையாக இருந்தது. மற்றதில் கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரியும் அளவுக்கு ஒரு தேனீ, பக்கத்தில் உலோகத்தின் பெயர்.

"முகம் எப்போது வேண்டுமானாலும் வரும் மெஸ்யே, அச்சு பத்திரமாக இருக்கிறதே. விளிம்புதான் வயதைச் சொல்லும்."

நாணயச் சாலை 1832 முதல் பதக்கங்களின் விளிம்பில் முத்திரை குத்தத் தொடங்கியது. முதலில் பழங்கால எண்ணெய் விளக்கு, 1841இல் நங்கூரம், 1842இல் கப்பலின் முகப்பு, 1845 முதல் 1860 வரை நீட்டிய விரல் உள்ள கை, பிறகு தேனீ, 1880 முதல் இன்றுவரை வளக்கொம்பு. பழைய அச்சுகளைச் சாலை எறிவதில்லை. கேட்பவர்களுக்கு மறுபடி அடித்துக் கொடுத்துவந்தது. ஆகவே 1817 என்று எழுதிய பதக்கத்தின் விளிம்பில் தேனீ இருந்தால் அது 1860க்குப் பின் அடித்தது; கப்பலில் ஏறியதே இல்லை. விளிம்பு வெறுமையாக இருந்தால் 1832க்கு முந்தையதாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் அந்த அம்மையாரும் சொன்னார். முத்திரையைத் தேய்த்து அழித்தவர்களும் உண்டாம். விளிம்பு மிகவும் வழவழப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்றார்.

தேனீ இல்லாத அந்தப் பதக்கத்தைத்தான் நான் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். பின்பக்கத்தில் தென்னரைக்கோளம், இயற்பியல், வானியல் என்ற சொற்கள், யுரானி கப்பல், தலைவர் லூயி தெ ப்ரெய்சினே, 1817. போரில் தோற்று, நெப்போலியன் போய், அரசர் திரும்பி வந்திருந்த பிரான்ஸ். நாடு பிடிக்கப் போகவில்லை, அறிவு தேடிப் போகிறோம் என்று உலகுக்குச் சொல்ல வேண்டிய தேவை அப்போது இருந்தது. புவியின் வடிவத்தையும் காந்தப் புலத்தையும் அளப்பதே அந்தப் பயணத்தின் வேலை.

அந்தக் கப்பலில் ஏறிய ஒருவர் பெயர் பதக்கத்தில் வர வழியே இல்லை. தலைவரின் மனைவி ரோஸ் தெ ப்ரெய்சினே. போர்க்கப்பலில் பெண்கள் பயணம் செய்யக் கூடாது என்பது கடற்படை விதி. 1817 செப்டம்பரில் தூலோன் துறைமுகத்தில் ஆண் உடையில் அவர் ஏறினார். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் அவர்கள் கூடாரம் போட்ட இடத்தை ஓவியர் பெல்லியோன் வரைந்தபோது ரோஸையும் வரைந்தார். அரசு வெளியிட்ட புத்தகத்தில் அதே காட்சி ரோஸ் இல்லாமல் வந்தது. 1820 பிப்ரவரியில் ஃபாக்லாந்து தீவில் யுரானி பாறையில் மோதி மூழ்கியது. ஆட்கள் தப்பினார்கள். ரோஸின் நாட்குறிப்பு 1927இல்தான் அச்சேறியது. அதைப் படித்துவிட்டுப் பதக்கத்தைப் பார்த்தால் கோபம் வருகிறது. ஒரு பயணத்தை யார் பெயரில் நினைவில் வைப்பது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிட்டார்கள்.

அரசர்களின் பக்கமும் நிலைக்கவில்லை. 1800 அக்டோபரில் லெ ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து கிளம்பிய போதென் பயணத்தின் பதக்கத்தில் முதல் கான்சல் நெப்போலியன் போனபார்த்தின் முகம். கப்பல் 1804 மார்ச்சில் திரும்பிய இரண்டே மாதத்தில் அவர் பேரரசர். தலைவர் நிக்கோலா போதென் அதற்கு முன்பே மொரீஷியசில் இறந்துபோயிருந்தார். 1822இல் 'கோக்கீய்' கப்பல் பதினெட்டாம் லூயியின் முகத்தோடு போனது. திரும்பி வந்தபோது அரசர் மறைந்து, தம்பி பத்தாம் சார்ல்ஸ் ஆண்டுகொண்டிருந்தார். அதே கப்பலுக்கு அஸ்த்ரோலாப் என்று லாப்பெரூஸின் நினைவாகப் புதுப் பெயர் சூட்டி, துமோன் துர்வில் 1826இல் அதில் கிளம்பினார். இம்முறை பதக்கத்தில் பத்தாம் சார்ல்ஸ். 1830 ஜூலைப் புரட்சியில் சார்ல்ஸ் முடி இழந்து நாட்டை விட்டு வெளியேறினார். ஷெர்பூர் துறைமுகத்திலிருந்து அவரை இங்கிலாந்துக்கு ஏற்றிச்செல்லும் பொறுப்பு யாருக்குக் கிடைத்தது? துமோன் துர்விலுக்குத்தான். அந்த அரசரின் முகத்தைப் பசிபிக் தீவுகளில் விநியோகித்த அதே மனிதர், அரசரையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். 1837இல் தென்துருவம் நோக்கிப் போனபோது அவரிடம் இருந்த பதக்கத்தில் லூயி பிலிப்பின் முகம்.

மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ப்ரெஸ்ட் மூன்றரை மணி நேரம். பிரான்சின் மேற்கு முனை. 1944 போரில் ஊர் ஏறத்தாழ முழுதும் தரைமட்டமானதால் இன்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பின் கட்டிய சாம்பல் நிறக் கட்டடங்கள். பெங்ஃபெல்ட் ஆறு கடலில் சேரும் இடத்தில் பழைய கோட்டை மட்டும் தப்பியது. அதில் கடற்படை அருங்காட்சியகம் இருக்கிறது. கோட்டை மதில் மேல் நின்றால் துறைமுக விரிகுடா முழுவதும் தெரியும். மேற்கே அது குறுகி, இரண்டு கிலோமீட்டர்கூட அகலம் இல்லாத வாய் வழியாக அட்லாண்டிக்கில் திறக்கிறது.

நான் நின்றபோது மேல்காற்று முகத்தில் அடித்தது. பதக்கம் சொன்ன ஜூன் கடந்த பிறகும் புறப்பாடு ஏன் தள்ளிப்போனது என்பதற்கு அந்த இடத்திலேயே விடை இருக்கிறது. லாப்பெரூஸ் ஜூலை 4 அன்று ப்ரெஸ்ட் வந்தார். 11ஆம் தேதி கப்பல்கள் உள்துறையிலிருந்து விரிகுடாவுக்கு வந்தன. அன்றிலிருந்து ஆகஸ்ட் 1 வரை விடாமல் மேல்காற்று. பாய்மரக் கப்பலுக்கு அந்தக் குறுகிய வாய் வழியாகக் காற்றை எதிர்த்து வெளியேற வழியில்லை. சுமார் 220 பேர், தலா ஐந்நூறு டன் அளவிலான இரண்டு பழைய சரக்குக் கப்பல்கள், வானியலாளர்கள், தாவரவியலாளர், ஓவியர்கள், லண்டனிலிருந்து ஜோசப் பேங்க்ஸ் ஏற்பாட்டில் இரவல் வந்த குக்கின் காந்த ஊசிகள், கூடவே ஜூனில் புறப்பட்டாயிற்று என்று சொல்லும் பதக்கங்கள். எல்லாம் இங்கே காத்துக் கிடந்தன.

வெளியேறிய பிறகு நடந்தது தெரிந்த கதை. ஈஸ்டர் தீவு, ஹவாய், அலாஸ்கா. அங்கே 1786 ஜூலையில் படகுகள் கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள். மக்காவ், மணிலா, கம்சாத்கா. சமோவாவில் 1787 டிசம்பரில் தெ லாங்லும் பதினொரு பேரும் கொல்லப்பட்டார்கள். பதக்கத்தில் உள்ள இரண்டு பெயர்களில் ஒன்று அங்கே முடிந்தது. 1788 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவிலிருந்து கிளம்பியவர்கள் பிறகு காணாமல் போனார்கள்.

கண்டுபிடிப்பு என்ற சொல்லை இந்தப் பயணங்களுக்குப் பயன்படுத்தும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. பதக்கம் கொடுத்த கைக்கு அது நினைவுப்பொருள். சில நேரம் உரிமைச் சீட்டும்கூட. 1772இல் சென் அலுவார்ன் என்ற தலைவரின் ஆட்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் டர்க் ஹார்டாக் தீவில் இறங்கி, அது பிரெஞ்சு அரசருக்குச் சொந்தம் என்று அறிவித்து, புட்டியைப் புதைத்தார்கள். ஈய மூடிக்குள் வைத்த வெள்ளி நாணயம் ஒன்று 1998இல் அங்கே மண்ணிலிருந்து கிடைத்தது. பிரான்ஸ் அந்தக் கரைக்குத் திரும்பி வந்து குடியேறவே இல்லை. பசிபிக் தீவுகளிலோ ஊரும் வயலும் தலைவரும் ஏற்கெனவே இருந்தார்கள். யாரிடமிருந்து எதற்கு இந்தச் செம்பு வட்டம் என்று அவர்கள் நினைத்தார்களோ, அந்தப் பக்கத்துக் கதையை எந்தச் செதுக்காளரும் பொறிக்கவில்லை.

அல்பி தெற்கே, துலூஸ் நகரிலிருந்து உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரம். ஊரே செங்கல். சென்ட் செசில் பேராலயம் கோட்டை போல எழும்பி நிற்கிறது. கீழே தார்ன் ஆறும் பழைய பாலமும். கடல் எங்கோ இருக்கிறது. இங்கிருந்து ஒரு பையன் கப்பலேறப் போனான் என்பதே வியப்பு. லாப்பெரூஸ் 1741இல் ஊருக்கு வெளியே இருந்த கோ மாளிகையில் பிறந்தார். ஊர்ச் சதுக்கத்தில் அவர் சிலை. சுற்றிலும், அவர் கப்பல்கள் மோதி அழிந்த வனிக்கோரோ தீவின் கடலடியிலிருந்து வந்த நங்கூரங்களும் பீரங்கிகளும் துருவேறிக் கிடக்கின்றன. அவற்றைத் தொட்டுப் பார்த்தேன். பதக்கத்தின் வழவழப்புக்குப் பழகிய விரலுக்கு அந்தச் சொரசொரப்பு வேறு மாதிரி இருந்தது.

ஆற்றின் வலக்கரையில் பழைய ஆலைக் கட்டடத்தின் வளைவுக் கூரைகளுக்கு அடியில் லாப்பெரூஸ் அருங்காட்சியகம். கப்பல் மாதிரிகள், வரைபடங்கள், வனிக்கோரோவில் மீட்ட பொருள்கள். அங்கே அவர் மனைவி எலெயனோர் நினைவுக்கு வந்தார். 1770களில் இந்தியப் பெருங்கடலில் பணியாற்றியபோது, இப்போது புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் சேர்ந்த மாஹேயில் லாப்பெரூஸ் போரிட்டிருக்கிறார். மொரீஷியசில் அந்தப் பெண்ணைச் சந்தித்தார். கணவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலேயே எலெயனோர் 1807இல் இறந்தார்.

தேடிக் கண்டுபிடித்த கதையில் ஒரு இந்திய மாலுமி வருகிறார். 1826இல் பீட்டர் டில்லன் என்ற வணிகக் கப்பல் தலைவர் டிகோபியா தீவில் நின்றபோது, அங்கே வாழ்ந்துவந்த ஜோ என்ற லஸ்கரிடம் வெள்ளி வாள்பிடி ஒன்று இருந்தது. அருகிலுள்ள வனிக்கோரோவிலிருந்து வந்தது என்றார்கள். டில்லன் கொல்கத்தா போய்க் கிழக்கிந்திய நிறுவனத்தாரிடம் பேசி, கப்பல் பெற்று, 1827இல் வனிக்கோரோ சேர்ந்தார். மறு ஆண்டு துமோன் துர்வில் வந்து 1828 மார்ச்சில் நினைவுச்சின்னம் எழுப்பினார். டில்லன் கொண்டுவந்த பொருள்களைப் பாரிசில் பார்த்து அடையாளம் சொன்னவர் பார்தெலெமி தெ லெசெப்ஸ். 1787இல் கம்சாத்காவில் இறங்கி, லாப்பெரூஸின் குறிப்புகளைச் சைபீரியா வழியாக வெர்சாய்க்குச் சுமந்துவந்து, அதனாலேயே உயிர் பிழைத்தவர்.

ஆனால் அல்பியில் வெகுநேரம் என்னை நிறுத்தியது வனிக்கோரோ மக்களின் சாட்சியம். நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன, எழுத்து கிடையாது. இருந்தும் டில்லனிடம் சொன்னார்கள்: புயலடித்த இரவில் இரண்டு கப்பல்கள் பவளப் பாறையில் மோதின. ஒன்று ஆழத்தில் போய்விட்டது, அதில் தப்பியவர் சிலரே. மற்றது தட்டி நின்றது. அதிலிருந்தவர்கள் பையூ என்ற இடத்தில் கரையேறி, மரவேலி கட்டித் தங்கி, சிறு கப்பல் ஒன்று செய்து, சில மாதங்களில் ஏறிப் போனார்கள். இருவர் மட்டும் பின்தங்கினர். ஒருவர் தலைவர், மற்றவர் அவருக்கு ஏவல் செய்தவர்.

இதைப் பலர் நம்பவில்லை, அல்லது பாதி நம்பினார்கள். நூமேயாவைச் சேர்ந்த சாலமன் சங்கத்தார் 1981 முதல் அங்கே முக்குளித்தும் தோண்டியும் தேடினார்கள். பாறைப் பிளவின் ஆழத்தில் ஒரு கப்பல், சற்றுத் தள்ளி ஆழமில்லாத இடத்தில் மற்றொன்று. 2003இல் ஆழத்துக் கப்பலில் மனித எலும்புக்கூடு; 2005இல் அங்கேயே கிடைத்த செக்ஸ்டன்ட் கருவியால் அது பூசோல் என்று உறுதியானது. பெயர் தெரியாத அந்த மனிதரை 2011இல் ப்ரெஸ்டில் கடற்படை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பையூவில் 1999இல் தோண்டியபோது பிரெஞ்சுக்காரர்களின் பொத்தான்களும் துப்பாக்கிக் குண்டுகளும் கிடைத்தன. மக்கள் காட்டிய இடத்திலேயே முகாம் இருந்தது.